கேழ்வரகுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

கேழ்வரகு பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நான் எடுத்துப் பார்த்த பலவற்றில் முதலில் நின்றது கோதுமை மாவு அல்லது மைதா. அடுத்து சர்க்கரை, பாமாயில். கேழ்வரகு அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. முன்பக்கத்தில் மட்டும் பாக்கெட் நிறையக் கேழ்வரகுக் கதிர்ப் படம்.

2023ஆம் ஆண்டை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. முன்மொழிந்தது இந்தியா. அதன் பிறகு சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய லட்டு, சிறுதானிய மிக்சர் என்று கடை அலமாரிகள் நிறைந்துவிட்டன. இதனால் மானாவாரி விவசாயிக்கு நாலு காசு கூடக் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால், "உடம்புக்கு நல்லதுன்னாங்க, ரொம்ப நாளா ராகி மால்ட் குடிக்கிறேன், ரத்தம் ஏறவே இல்லையே" என்று தோழிகள் கேட்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. தானியத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எப்படிப் பக்குவம் செய்கிறோம், தட்டில் அதற்குப் பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதிலுள்ள சத்து உடம்பில் சேரும். இந்த இரண்டையும் கேழ்வரகு தின்று வளர்ந்த ஊர்க்காரர்கள் நன்றாகவே செய்து வைத்திருக்கிறார்கள். நாம் தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பக்குவத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் புதுப்பித்து வெளியிட்டது. அதன்படி 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 364 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய பச்சரிசியில் இது 10 மில்லிகிராமைக்கூடத் தொடாது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் 100 கிராம் மாவில் கிண்டிய ஒரு வேளைக் களியிலேயே மூன்றில் ஒரு பங்கு தட்டுக்கு வந்துவிடுகிறது. நார்ச்சத்து 11 கிராம். அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு.

இந்த நிறுவனம் பிறந்தது ஐதராபாத்தில் இல்லை, நம்ம குன்னூரில். 1918இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சிப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்ற பி1 வைட்டமின் போய்விடுகிறது. அந்தச் சோற்றை மட்டுமே நம்பி இருந்தவர்களுக்குக் கால் மரத்து, இதயம் தளர்ந்து வந்த நோய்தான் பெரிபெரி. தானியத்தைத் தீட்டியதால் வந்த வியாதியை ஆராயப்போய் உருவான நிறுவனம், நூறு வருடம் கழித்துத் தீட்டாத தானியத்தின் கணக்கை நமக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

கேழ்வரகை அரிசி மாதிரித் தீட்டுவது லேசில்லை. கடுகளவு தானியம், மேல்தோல் உள்ளே இருக்கும் மாவோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அப்படியே முழுசாக அரைப்பதுதான் வழக்கம். கால்சியத்தில் பெரும்பங்கு அந்தச் சிவந்த தோலில்தான் இருக்கிறது. மாவை மெல்லிய சல்லடையில் சலித்து மேலே நிற்கும் கப்பியைக் கொட்டுகிறவர்கள் எதைக் கொட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டும். சாமை, தினை, வரகு, குதிரைவாலி கதை வேறு. அவற்றுக்கு உமி உண்டு, நீக்கியே ஆக வேண்டும். ஆனால் உமியோடு நிறுத்தாமல் தவிடும் போகும்வரை மெஷினில் தீட்டிவிடுகிறார்கள். பளபளவென்று ஒரே நிறமாக இருக்கும் சாமையைவிட, கொஞ்சம் மங்கலாக, பழுப்பேறிய சாமையை வாங்குவதே நல்லது. அதில் சீக்கிரம் வண்டு விழும். பரவாயில்லை, கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம்.

சரி, இத்தனை கால்சியமும் இரும்பும் இருந்தும் ஏன் உடம்பில் ஒட்டுவதில்லை? முழுத்தானியங்களின் மேல்தோலில் பைட்டிக் அமிலம் இருக்கிறது. விதை முளைக்கும்போது பயன்படுத்துவதற்காகச் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்பரஸ் சேமிப்பு அது. கால்சியம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். கேழ்வரகின் சிவப்புக்குக் காரணமான துவர்ப்புப் பொருள்களும் இரும்பை விடாது. ஊற வைத்தால் இந்தப் பிடி கொஞ்சம் தளரும், முளைகட்டினால் நன்றாகவே தளரும், புளிக்க வைத்தாலும் அப்படித்தான். முளைவிடும் விதை, தன் தேவைக்காகவே பைட்டிக் அமிலத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது. புளிப்பு ஏறும்போதும் அந்த நொதி சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. இந்த வேதியியல் எதுவும் தெரியாமலேயே கூழை ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்தார்கள், குழந்தைக்குக் கொடுக்கும் மாவை முளைகட்டி அரைத்தார்கள்.

முளைகட்டுவது பெரிய வேலையில்லை, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கிலோ கேழ்வரகை முறத்தில் போட்டுப் புடைத்து, கல், மண், தூசி நீக்குங்கள். கேழ்வரகில் மணல் அதிகம் இருக்கும். அதனால் நாலைந்து தண்ணீரில் அலசி, கடைசியில் அரிக்கஞ்சட்டியில் அரித்தெடுத்தால்தான் பல்லில் நறநறக்காது. முதல் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் வரும்; தெளியும்வரை அலசுங்கள். பிறகு எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, சுத்தமான பழைய வெள்ளை வேட்டித் துணியில் கட்டி, காற்றாடும் இடத்தில் தொங்க விடலாம். துணி காயக் கூடாது, அவ்வப்போது கை நனைத்துத் தெளிக்க வேண்டும். மறுநாள் அவிழ்த்துப் பார்த்தால் சிவப்பு மணி ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஒரு நுனி எட்டிப் பார்க்கும். ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அளவுக்கு வளர விடாதீர்கள், நுனி தெரிந்ததுமே போதும். வாசனை இனிப்பாக இருக்க வேண்டும். புளித்த நெடியோ வழவழப்போ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நிழலில் துணி விரித்து நன்றாகக் காய வைத்து, இரும்பு வாணலியில் சிறு தீயில் வறுத்தெடுத்தால் வீடு முழுக்க மணக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் காய்ந்த முளை உதிர்ந்துவிடும். ஆற வைத்து மில்லுக்கு எடுத்துப் போங்கள். போனதும் முதலில், "இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு அரைத்தால் அத்தனை உழைப்பும் வீண். கோதுமையோ அரிசியோ அரைத்திருந்தால் கவலையில்லை.

இந்த மாவின் அருமை குழந்தைக் கஞ்சியில்தான் தெரியும். சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் இரண்டு ஸ்பூன் போட்டாலே பசைபோல் இறுகிவிடும். தண்ணீரை ஊற்றி இளக்கினால் குழந்தையின் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும், சத்து கம்மி. முளைகட்டும்போது தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி உண்டாகி மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. அதனால் மாவைக் கூடுதலாகப் போட்டாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். அதே ஒரு கிண்ணத்தில் குழந்தைக்கு அதிக உணவு போகிறது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. வறுப்பது சிறு தீயில் இருக்கட்டும், கருக விட்டால் அந்த நொதி செத்துவிடும். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே மெதுவாகச் சூடேற்றி, கடைசியில் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். கேழ்வரகை அரைத்துத் துணியில் பிழிந்து பால் மட்டும் எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. முதல் சில வாரங்களுக்குச் சரி. அதற்கப்புறமும் அதையே தொடர்ந்தால் துணியில் தங்கும் சக்கையோடு கால்சியமும் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

இனி களி. கிருஷ்ணகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எனக்குக் களி கிண்டக் கற்றுக் கொடுத்தது மாமியார். ஒரு பங்கு மாவுக்கு இரண்டேகால் பங்கு தண்ணீர். தண்ணீரில் ஒரு கைப்பிடி நொய்யரிசி போட்டுக் குழைய வேக விடுவார். பிறகு உப்புப் போட்டு, மாவைக் கோபுரமாகக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் ஒரு குழி விடுவார். கொதி அந்தக் குழி வழியாக மேலே வந்து மாவை நனைக்கும். அப்போது அவசரப்பட்டுக் கிண்டினால் உள்ளே பச்சை மாவு கட்டி கட்டியாக நின்றுவிடும்.

"இப்பக் கிண்டட்டுமா அத்தை?"

"இரு கண்ணு. பச்ச மாவு வாசம் போவட்டும். அதுவரைக்கும் துடுப்பத் தொடாத."

மூடி போட்டு, தீயைக் குறைத்து, மாவு வெந்த மணம் வந்த பிறகு சட்டியைக் கீழே இறக்குவார். இரண்டு பாதங்களாலும் கந்தல் துணியோடு சட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துச் சட்டி ஓரத்தில் மாவை நசுக்கி நசுக்கிக் கிண்டுவார். தோள் வலிக்கும் வேலை. கடைசியில் ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஈரம் பூசிய தட்டில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். களியை மெல்லக் கூடாது என்பார்கள் அந்த ஊரில். பிட்டு, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும்.

அந்தக் களிக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு நாள் கொள்ளுக் குழம்பு, மறுநாள் மொச்சைக்கொட்டை, இன்னொரு நாள் கீரை கடைசல், வாய்த்தால் கருவாட்டுக் குழம்பு, எதுவுமே இல்லையென்றால் வேர்க்கடலைச் சட்னி. 100 கிராம் கேழ்வரகில் புரதம் 7 கிராம்தான், அதிலும் புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் தாராளமாக இருக்கிறது. பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் கேழ்வரகில் நன்றாகவே உண்டு. சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. ராகி மால்ட்டில் பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கும்போது கொள்ளும் இல்லை, கீரையும் இல்லை, புளிப்பும் இல்லை.

கீரை கடைசலுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். சிறுகீரை, தண்டுக்கீரை, பண்ணைக்கீரை என்று கிடைப்பதைக் கலந்துகொள்ளலாம். ஒரு கைப்பிடி துவரம்பருப்பை முக்கால் பதம் வேக வைத்து, கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், இரண்டு தக்காளி போட்டு, மூடாமல் வேக விட்டு, உப்புச் சேர்த்து மண் சட்டியில் மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும். மத்தில் கடைந்தால்தான் கீரை நாக்கில் தட்டுப்படும். கடுகு, காய்ந்த மிளகாய், இடித்த பூண்டு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. சாப்பிட உட்காரும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். தக்காளியில் இருக்கும் வைட்டமின் சி கொதியில் ஓரளவு அழிந்துபோகும். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச அந்த வைட்டமின் அதே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். கூழுக்கு மாங்காய்த் துண்டு கடித்தார்களே, அது நாக்குக்கு மட்டும் நல்லதாக இருக்கவில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை இருப்பது தெரிந்தது. பாதிக்கு மேல்! சாப்பாட்டை மட்டும் வைத்து எல்லாருடைய ரத்தசோகையும் தீராது. மருத்துவர் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூழ் குடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை எல்லா வீட்டிலும் இன்றே மாற்றலாம்: சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது. டீயில் உள்ள டானின் அந்த வேளை உணவின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் காலைச் சாப்பாடும் டீயும் ஒன்றாக முடித்துவிட்டு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கேழ்வரகுதானே, எவ்வளவு வேணா சாப்பிடலாம்" என்பது சரியில்லை. 100 கிராமில் ஏறக்குறைய 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78. பெரிய வித்தியாசம் கிடையாது. நைசாக அரைத்த மாவை நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும், முளைகட்டிய மாவில் இன்னும் வேகமாக. குழந்தைக்கு நல்லதாக இருக்கும் அதே குணம் இவர்களுக்கு ஆகாது. காலையில் வெறும் கஞ்சி குடிப்பதை விட்டுவிட்டு, சின்ன உருண்டைக் களியும் ஒரு கிண்ணம் நிறையக் கீரைப் பருப்பும் சாப்பிடலாம். சாப்பிட்ட பிறகு சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு உருண்டையின் அளவை முடிவு செய்யலாம்.

கூழ் எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஒரு டம்ளர் மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் பானையில் மூடி ஓரிரவு வையுங்கள். மறுநாள் புளித்த வாசம் வரும். கால் டம்ளர் நொய்யரிசியைக் குழைய வேக வைத்து, அதில் இந்தக் கரைசலை ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறி, கை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். ஆறியதும் மூடி வைத்து, அடுத்த நாள் காலையில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய், சின்ன வெங்காயம். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழுக்கு முருங்கைக்கீரை பொரியல் வைக்கும் ஊர்களும் உண்டு. அருமையான சேர்க்கை.

கம்பையும் இப்படிச் செய்யலாம். இரும்பும் புரதமும் கேழ்வரகைவிடக் கம்பில் அதிகம். கொழுப்பும் அதிகம் என்பதால் அரைத்த மாவு சீக்கிரம் கசந்துவிடும். மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் கம்பை மட்டுமே தினமும் நம்பியிராமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது.

வேலை முடிந்து வந்து களி கிண்டத் தெம்பில்லாத ராத்திரிகளில் அடைதான் கைகொடுக்கும். இரண்டு கப் மாவுக்கு இரண்டு கைப்பிடி உருவிய முருங்கைக்கீரை. பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கி, கீரையையும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, உப்போடு மாவில் கொட்டுங்கள். சூடான தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைந்தால் அடை விரிசல் விடாது. வாழையிலையில் தட்டி, கல்லில் போட்டு, சுற்றிலும் கடலை எண்ணெய் விட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் வேக விடுங்கள். எண்ணெய்க்கு ரொம்பவும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், முருங்கைக்கீரையில் இருக்கும், உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டின் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வறுத்த வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், புளி, பூண்டு வைத்து அரைத்த சட்னி போதும்.

பணக்காரச் சாப்பாடு இது என்று யாரும் நினைக்க வேண்டாம். தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். உள்ளூர் விவசாயிகளிடம் கொள்முதல் செய்து உள்ளூர் மக்களுக்கே கொடுப்பது நல்ல ஏற்பாடு. மற்ற மாவட்டங்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. கூடவே துவரம்பருப்போடு கொள்ளும் போட்டால் இன்னும் நன்றாயிருக்கும்.

களி மிஞ்சினால் பிரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். ஆறிய உருண்டையை மண் பானையில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடேயே கையால் கரைத்து, புளித்த மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு குடித்தால், பதினோரு மணிக்கு டீக்கடைப் பக்கம் கால் போகாது.